முட்டம் பஸ்ஸில் ஜென்ட்ரிஃபிகேஷன்

இன்று காலை முட்டம் போகிற பஸ்ஸில் தோழி போனில் கேட்டாள். "ஏட்டி, இந்த ஜென்ட்ரிஃபிகேஷன்னா என்னட்டி?"

விளக்கம் சொல்வதென்றால் எனக்கு உற்சாகம். "வசதியுள்ளவங்க ஒரு ஊரு பிடிச்சுப்போய் வீடு வாங்குவாங்க. வாடகை ஏறும். காலங்காலமா இருந்தவங்க தாங்க முடியாம வெளிய போவாங்க. அநியாயம்ட்டி!" பஸ்ஸுக்கே கேட்டிருக்கும்.

போனை வைத்ததும் பக்கத்து சீட்டு அக்கா கேட்டார். "அதுக்குப் பேரெல்லாம் இருக்கா மக்கா? எங்க தெருவுல அதுதான் நடக்கு. டூரிஸ்டுக்கு ரூம் கட்டணும்னு ஓனரு எங்கள காலி பண்ணச் சொல்லியாச்சு. எங்க வீட்டாளு இனி பஸ் புடிச்சா கடலுக்குப் போவாரு?"

பிறகு, "நீ எங்க போற?" என்றார்.

"பிரண்டு வீட்டுக்கு" என்றேன்.

இருவரும் ஒரே ஸ்டாப்பில் இறங்கினோம். எனக்காகப் புரோக்கர் பைக்கோடு காத்து நின்றார். "வாங்க மேடம், கடல் பாத்த வீடு. இப்பமே வாங்கிப் போட்டா, ரூம் விட்டே சம்பாதிக்கலாம்."

அக்கா என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "வெயிலு ஏறதுக்கு முன்ன பாத்துட்டு வா மக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கூசிப்போய் நின்றேன். ஆனாலும் போய்ப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் கடல். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

திட்டுகிறவர்கள் திட்டலாம். கடலோரத்தில் ஏற்கெனவே வீடு வாங்கியவர்கள் மட்டும் கொஞ்சம் மெதுவாகத் திட்டவும்.