துரையின் காலடி மண்

கும்மிடிப்பூண்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே, டீக்கடைக்கு மேல், என் தங்கையின் பேனர் இருபது நாள் தொங்கியது. குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாள், கோட்டில் தேசியக்கொடி. கீழே, ஆசியக் குதிரையேற்றப் போட்டியில் பதினோராம் இடம் பிடித்த பழவேற்காட்டு வீராங்கனை கவிப்பிரியா என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வைத்தவர்கள் எங்கள் குப்பத்து ஆட்கள். டீ குடிக்க வந்த ஒருவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, பதினோராம் இடத்துக்கெல்லாம் பேனரா என்று கேட்டான். அது என் காதில் விழுந்தது அவன் கெட்ட நேரம். உன் பைக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் காலை ஊன்றாமல் ஓட்டிக் காட்டு, அப்புறம் பேசு என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

நான் ஈஸ்வரி, கவியின் அக்கா. சிப்காட்டில் ஒரு மசாலாக் கம்பெனியில் மிளகாய்த்தூள் பாக்கெட் போடும் வேலை, பன்னிரண்டு வருஷமாக. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் ஏழுமலை சொல்வார். கொஞ்சம் இல்லை, நிறையவே நீளம். அதனால்தான் என் தங்கையின் கதையை நானே சொல்கிறேன். அதில் நான் கெடுத்த இடம் ஒன்று உண்டு, அதையும் சேர்த்தே சொல்வேன்.

விளையாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கே அது புரிய மூன்று வருஷம் ஆனது. மூன்று நாள், ஒரே குதிரை, ஒரே ஆள். முதல் நாள் மணல் மைதானத்தில் குதிரை சொன்னபடி நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், நிற்க வேண்டும். இரண்டாம் நாள் மேடு, பள்ளம், மரக்கட்டை, தண்ணீர் என்று வெட்டவெளியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும். மூன்றாம் நாள், உடம்பெல்லாம் அலுத்துப்போன அதே குதிரை, லேசாகப் பட்டாலே விழுந்துவிடுகிற கட்டைகளைத் தாண்ட வேண்டும். தப்புக்குத் தப்பு புள்ளி ஏறும். குறைந்த புள்ளி வாங்கியவர் ஜெயித்தவர்.

எங்கள் அப்பா கலியன் ஏரியில் வலை போடுகிறவர். அம்மா அஞ்சம்மாள் இடுப்பளவுத் தண்ணீரில் இறால் தடவுகிறவள். எங்கள் வம்சத்தில் குதிரையைத் தொட்டவர் யாரும் கிடையாது. கவி பொன்னேரியில் பி.காம் முடித்துவிட்டு, செவ்வாப்பேட்டைக்கு உள்ளே ஒரு குதிரைப் பண்ணையில் ஆபீஸ் வேலைக்குப் போனாள். விடியும் முன்பே பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, திருவள்ளூர் ரயில் மாறிப் போவாள். கொள்ளும் புல்லும் எத்தனை மூட்டை வந்தது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் வேலை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இவளை நாற்காலியில் பார்க்க முடியாதாம், லாயத்தில் நிற்பாளாம்.

பண்ணை முதலாளி சுப்பிரமணி ஒரு நாள் விளையாட்டாக ஏறிப் பார் என்றிருக்கிறார். ஏறினாள். குதிரை குலுங்கக் குலுங்க இவள் முழங்காலை இளக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாளாம். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு, எங்கள் படகில் விறைப்பாக நின்றால் தண்ணீரில் விழவேண்டியதுதான் சார் என்று சொன்னாளாம். அன்றிலிருந்து காலையில் குதிரை, பத்து மணிக்குமேல் கம்ப்யூட்டர். நாலாவது மாசம் கையை முறித்துக்கொண்டு கட்டோடு வந்தாள். நான் பேசாத பேச்சில்லை. பெண் பிள்ளைக்கு இது தேவையா என்று கேட்டேன், வரப்போகிற மாப்பிள்ளை என்ன சொல்வான் என்று கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இடது கையால் மீன்குழம்பு சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள். கட்டுப் பிரித்த மறுநாளே குதிரைமேல் இருந்தாள்.

துரை என்ற குதிரை அவளுக்குக் கிடைத்தது அதற்குப் பிறகு. காகிதத்தில் அவனுக்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பேர் உண்டு, கூப்பிடுவது துரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. தண்ணீரைக் கண்டால் நின்றுவிடுவான், வேறு யார் ஏறினாலும் இறங்கமாட்டான். கவி அவனைச் சேற்றுக் குட்டைக்கு நடத்திக்கொண்டு போய், தானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவனோடு நின்றாள். ஒரு மழைக்காலம் முழுக்க அப்படி நின்றாள். அப்புறம் அவன் தண்ணீரில் நிற்காமல் போக ஆரம்பித்தான். ஆறு வருஷத்தில் சென்னை, பெங்களூரு, புனே என்று இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய கோப்பைகள் எங்கள் வீட்டில் டிவிக்குமேல் வரிசையாக இருக்கின்றன. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான், இந்திய அணிக்குப் போகிறவர்கள் போடுகிற, கொடி வைத்த அந்தக் கோட்டு.

அந்தக் கோட்டுக்கான தேர்வுப் போட்டி பெங்களூரில் நடந்தது. அப்போதுதான் நான் முதன்முதலாகக் கூடப் போனேன். இரண்டாம் நாள் மரக்கட்டையும் தண்ணீரும் எல்லாம் முடிந்தபோது கவிதான் முதலிடம். வேலி ஓரம் நின்றவர்களெல்லாம் யார் இந்தப் பெண், யார் இந்தப் பெண் என்று கேட்டார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. என் தங்கச்சி, என் தங்கச்சி என்று எல்லோரிடமும் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது பயமும் வந்தது. இத்தனை கண் பட்டால் ஆகுமா?

உப்பும் காய்ந்த மிளகாயும் ஊரிலிருந்தே கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோயிருந்தேன். சாயங்காலம் லாயத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். வைக்கோலுக்குப் பக்கத்தில் நெருப்பு வைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை, சுற்றிவிட்டு வெளியே போய் எரிக்கலாம் என்றிருந்தேன். ஆனால் சுற்றிப் போட காலடி மண் வேண்டும், அது இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் செல்லாது. மிளகாயைப் பிடித்து நொறுக்கிய கையாலேயே துரையின் முன்னங்காலைத் தூக்கி, குளம்படி மண்ணைச் சுரண்டி எடுத்தேன். கணுவுக்குமேல் கட்டையில் உரசிய சிராய்ப்பு இருந்தது. பாவம் என்று அதைத் தடவியும் கொடுத்தேன். மிளகாய்த்தூளிலேயே பன்னிரண்டு வருஷம் ஊறிய கை, எனக்குக் காரம் தெரியாது.

கால் மணி நேரத்தில் துரை காலை உதறினான், தரையில் அடித்தான், குனிந்து அந்த இடத்தையே கடித்தான். அவனைப் பார்த்துக்கொள்ளும் சின்னராசு அண்ணன் ஓடிப்போய்க் கவியைக் கூட்டி வந்தார். அவள் குதிரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, கைய காட்டு."

முகர்ந்து பார்த்தவுடனே அவள் முகம் வெளுத்துவிட்டது. கண்ணு பட்டுதுடி, சுத்திப் போட்டேன், இன்னா தப்பு என்று நான் சண்டைக்குத் தயாரானேன். அவள் மெதுவாகச் சொன்னாள். மிளகாய்க் காரம் குதிரையின் காலில் படவே கூடாதாம். சிலர் வேண்டுமென்றே தடவுவார்களாம். கட்டை பட்டால் எரியும் என்று பயந்து குதிரை இன்னும் உயரத் தாண்டுமாம். அதனால் அது தடை செய்த மருந்து மாதிரி. தெரிந்தால் வருஷக்கணக்கில் போட்டியிலேயே இறங்க முடியாது.

சின்னராசு அண்ணன் வாளியோடு வந்தார். கழுவிவிட்டால் போச்சு, யாரும் பார்க்கவில்லை என்றார். நானும் அதையேதான் சொன்னேன், மறைக்கமாட்டேன்.

"நான் பாத்துட்டனே அண்ணே," என்றாள் கவி.

நானே போய் நான்தான் செய்தேன் என்று சொல்கிறேன், உன்னை எதற்குப் பிடிப்பார்கள் என்று அழுதேன். அவள் என் கையை விடவில்லை.

"குதிரமேல ஏறுறது நான்க்கா. அதுக்கு இன்னா ஆனாலும் என் பேர்லதான் எழுதுவாங்க. நாளைக்கு எரிச்சலோட அவன் தாண்டி எனக்குக் கோட்டு வந்தா, அத நான் எப்டி போட்டுக்கினு நிப்பேன்?"

குதிரை டாக்டர் சாராள் அம்மாவிடம் அவளே நடந்து போய்ச் சொன்னாள். அந்த அம்மா வந்து காலைப் பார்த்தார், பஞ்சில் ஒற்றி எடுத்தார், நடந்ததை எழுதச் சொன்னார். கவி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தானாக வந்து சொன்னதால் தண்டனை கிடையாது, ஆனால் நாளைக்குத் துரை இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் நாங்கள் வேலி ஓரம் நின்று மற்றவர்கள் தாண்டுவதைப் பார்த்தோம். அந்தக் கோட்டு வேறு யாருக்கோ போனது.

சுப்பிரமணி சார் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். எனக்கு வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டேன். கவி மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு அது சுலபம். ஊருக்கு வந்ததும் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு மிளகாயிலிருந்து மஞ்சள் பிரிவுக்கு மாறினேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவள் போட்டி நடக்கும் எந்த ஊருக்கும் நான் போகவில்லை. யாருக்கும் சுற்றிப் போடவும் இல்லை.

இரண்டாவது தேர்வுப் போட்டிக்குப் பாஸை அவளே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் வரமாட்டேன் என்று எவ்வளவோ சொன்னேன். "உன் பேர எழுதிட்டேன்க்கா, வேற பேர் எழுத அதுல எடமில்ல," என்றாள். போனேன். லாயத்துப் பக்கம் மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வேலி ஓரம் நின்றபோது சாராள் டாக்டர் வந்து என் பாஸில் இருந்த பேரைப் படித்தார். அந்த அக்கா நீங்கள்தானா என்று கேட்டார். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

"முப்பது வருஷமா குதிரை பாக்கறேன்மா. கேக்காமலே வந்து சொன்னது உங்க தங்கச்சி ஒருத்திதான்," என்றார்.

அதைச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்று அழுதேன், கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் கவி மைதானத்தில் இறங்கிவிட்டாள். கடைசிக்கு முந்தின கட்டையில் துரையின் பின்னங்கால் பட்டது. கட்டை ஆடியது, ஆடி நின்றது. ஒரு கட்டைகூட விழவில்லை. அன்று சாயங்காலம் கோட்டுக்கு அளவெடுத்தார்கள்.

ஆசியப் போட்டி நடந்த தாய்லாந்துக்கு நான் போகவில்லை. துரை போனான், விமானத்தில். மூன்றாம் நாள் எங்களுக்குச் சாப்பாட்டு நேரம். கம்பெனியில் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. வீடியோவில் முதலில் துரையின் மூக்கு, அப்புறம் கோட்டுப் போட்ட கவி. என் தங்கச்சி, நெஞ்சில் கொடி.

"இன்னும் அரமணில எறங்கணும். சுத்திப் போடுக்கா."

"கையில ஒண்ணும் இல்லடி."

"அதான் வேணும். வெறுங்கையால போடு."

இரு, கை கழுவிக்கினு வரேன் என்று எழுந்தேன். நீ இங்கே கழுவினால் அங்கே என்ன என்று பக்கத்தில் இருந்த ஆரோக்கியமேரி சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும். மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். போனைத் தண்ணீர்க் கேன்மேல் சாய்த்து வைத்துவிட்டு, முப்பது பேர் சோற்றுக் கையோடு பார்க்க, இரண்டு கையாலும் அவளையும் துரையையும் மூன்று சுற்றுச் சுற்றி, என் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினேன். பத்து விரலும் படபடவென்று நெட்டி முறிந்தன. அந்தச் சத்தத்துக்குத் துரை காதை நிமிர்த்தினான்.