அத்தான் அக்காவைக் குளிப்பாட்டிய நாள்

என் அக்காவின் கணவர் கோயிலில் அம்மனுக்கு அபிஷேகம் செய்பவர். அதைப் பார்க்கவென்றே எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். பாலோ தயிரோ சந்தனமோ, எதை ஊற்றினாலும் அவசரம் கிடையாது. காது மடலுக்குப் பின்னால்கூட விரலை விட்டுச் சந்தனத்தை வழித்தெடுப்பார். குளிர் நாளில் தண்ணீரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் குடத்தைச் சாய்ப்பார். 'பெத்த தாய்க்குச் செய்யற மாதிரி செய்யறாரு' என்று அவர்கள் உருகும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வராமல் என்ன செய்யும்? இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்ட அக்காவைக் குளிப்பாட்டுவது நான் அல்லவா! காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போவேன். அத்தான் அதற்குள் குளித்திருப்பார். குளித்துவிட்டால் பூஜை முடியும்வரை யாரையும் தொடமாட்டார். சுத்தமாம்! அக்காவின் கட்டிலை ஒட்டிக்கூட நடக்கமாட்டார். மற்றபடி தங்கமான மனுஷன், ஒருநாளும் அவளைக் கடிந்து பேசியதில்லை. சண்டை போடவாவது ஒரு சாக்குக் கொடுக்கக் கூடாதா?

அன்று என் சின்னவனுக்குக் காய்ச்சல். நான் போய்ச் சேர நேரமாகிவிட்டது. உள்ளே நுழைந்ததுமே குளியலறையில் அக்கா மூச்சுத் திணறி இருமுவது கேட்டது. விழுந்தடித்து ஓடினேன். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள். அத்தான் அவள் தலைக்கு மேல் குடத்தைப் பிடித்து விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தார். படுக்கை நனைந்துவிட்டதாம். எனக்காகக் காத்திருக்க முடியாமல் அவள் அழுதிருக்கிறாள். முதல்முறையாக அவரே தூக்கிவந்து உட்காரவைத்து, கோயிலில் ஊற்றுவது போல உச்சந்தலையில் ஊற்றியிருக்கிறார்.

"ஐயோ, நிறுத்துங்க அத்தான்! அவ மூச்சு விட வேணாமா?"

"தாரை நடுவுல அறுபடக் கூடாதுன்னு..." என்றார். பழக்கம் அப்படி.

அக்காவுக்கு இருமலோடு சிரிப்பும் வந்துவிட்டது. "நான் கல்லு இல்லீங்க. தோள்ல ஊத்துங்க, கொஞ்சம் கொஞ்சமா."

அப்படியே ஊற்றினார். முதுகு தேய்க்கக் குனிந்தவர் கையை எடுத்துவிட்டார். இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண். தினமும் அதற்கு மருந்து போடுபவள் நான்தான். அவரிடம் சொல்லக் கூடாதென்று அக்கா என் வாயைக் கட்டிப்போட்டிருந்தாள்.

"இது எப்போ வந்துச்சு?"

"ஆச்சு, ரொம்ப நாளு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"காலையில குளிச்சிட்டா பக்கத்துல வரமாட்டீங்க. ராத்திரி அலுத்துப்போய் வருவீங்க. எப்போங்க சொல்றது?"

அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவமானத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டுமென்று எத்தனை நாள் கறுவியிருப்பேன்! இப்போது அக்காவின் தலையைத் துவட்டத் துண்டை எடுத்தேன்.

வாசலில் கோயில் ஆள் குரல் கொடுத்தார். "சாமி, பாலெல்லாம் வந்தாச்சு. ஜனங்க காத்துட்டு இருக்காங்க!"

அத்தான் திரும்பாமலே என்னிடம் சொன்னார். "இன்னைக்கு வரலைன்னு சொல்லிடும்மா. வேற யாரையாவது செய்யச் சொல்லு." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் குளிப்பாட்டத் தெரியலைன்னும் சொல்லிடு" என்றார்.

வாசலுக்குப் போனேன். முதலில் சொன்னதை மட்டும் சொல்லி அனுப்பினேன்.