பக்கத்துத் தெருக் குழாய்

பொறாமை என்று ஒப்புக்கொள்ள அப்போது எனக்கு மனம் வரவில்லை. பொதுநலம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்தேன். அந்த நாட்களில் என் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் காரணம் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு குழாய்.

தேர் போகிற வீதிகளைத்தான் நகராட்சியின் கண் பார்க்கும். தீபம் நெருங்கினால் அங்கே குழிகளை மூடுவார்கள், பல்பு மாற்றுவார்கள், இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள். இரண்டு திருப்பம் தள்ளியிருந்த எங்கள் தெருவுக்கு அந்தப் பவுடரின் வாசனை மட்டும் வரும். எங்கள் தெருவில் குழாய் கிடையாது. இருந்த பொதுக்கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் பக்கத்துத் தெருக் குழாய்க்குத்தான் போக வேண்டும்.

என் மனைவி கீழ்பென்னாத்தூர்க்காரி. கழனியில் பம்புசெட்டு ஓடத் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்து வளர்ந்தவள். என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்குத் தினமும் காலையில் இடுப்பில் குடத்தோடு ஆறு நடை நடந்தாள். அந்தக் குழாயடியில் வரிசைக்குக் கல் வைத்து இடம் பிடிப்பது வழக்கம். யார் கல் எது என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் தெருக்காரிகள் வைத்த கற்களை மட்டும் அந்தத் தெருக்காரிகள் காலாலேயே பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். கேட்டால், "உங்க தெருவுல குழா இல்லன்னா அதுக்கு நாங்க இன்னா பண்றது?" என்பார்கள்.

ஒருநாள் குடத்தை 'ணங்' என்று இறக்கி வைத்துவிட்டு அவள் சொன்னாள்.

"ஏங்க, இந்தக் கோடை வரைக்கும் பாப்பேன். அப்புறம் எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவேன். இங்க தண்ணி வந்தா கடுதாசி போடுங்க, வரேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருந்ததை நான் பார்த்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்தக் குழாய்க்கு எதிரே ஓர் அம்மாள் இட்லிக் கடை வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அந்தக் குழாயைக் கொண்டுவந்ததே அவர்தான். மாவாட்டிய கையைத் துடைத்துக்கொண்டு ஒரு போஸ்ட் கார்டில் நாலு வரி எழுதி நகராட்சிக்குப் போட்டுவிடுவார். அப்படி ஒரு கார்டை, அவர் தபால்காரரிடம் கொடுக்கும்போது எட்டிப் பார்த்தேன். 'எங்கள் தெரு மூனாவது கம்பத்தில் பல்பு எறியவில்லை. பத்து நாள் ஆகுது. நேத்து ஒரு பெரியவர் சாக்கடையில் விழுந்துட்டார்.' இவ்வளவுதான். வணக்கம்கூட இல்லை. 'எரியவில்லை' என்பதற்கு வல்லின றகரம் போட்டிருந்தார். அதைப் பார்த்து உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம். பத்தாம் நாள் பல்பு எரிந்தது. என் சந்தோஷம் அணைந்தது.

அடுத்தது சாக்கடைக்கு மூடுகல் வந்தது. அதற்கடுத்து, குப்பை வண்டி அந்தத் தெருவுக்குள் நுழைய ஆரம்பித்தது. ஒவ்வொன்றும் வரும்போது என் மனைவி வந்து செய்தி சொல்வாள். "அக்கா எழுதிப் போட்டாங்களாம். வந்துட்டாங்க பாருங்க." அந்த 'அக்கா'வில் இருந்த மரியாதையைக் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நானா சும்மா இருந்தேன்? புலவர் பட்டம் வாங்கியவன். 'அருணைத் திருநகர் தழைக்க அல்லும் பகலும் அயராதுழைக்கும் ஆணையர் பெருந்தகையீர்' என்று தொடங்கி, நீரின்றி அல்லலுறும் நெஞ்சங்களின் நிலையை இரண்டு முழுத்தாளில் வடித்தேன். அனுப்புமுன் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்குது. தண்ணி எப்ப வரும்?"

மூன்று மனு போட்டேன். பதில் இல்லை. ஒரு சனிக்கிழமை நகராட்சி அலுவலகத்துக்கே போய், என் மனுக்கள் என்ன ஆயின என்று கேட்டேன். குமாஸ்தா கட்டைத் தேடி எடுத்து, மூன்றையும் பொறுமையாகப் படித்தார்.

"தமிழ் ரொம்ப ஜோரா இருக்குது சார். ஆனா எந்தத் தெருன்னு எதுலயும் போடலியே?"

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். 'எம் வீதி' என்று பதினோரு இடத்தில் எழுதியிருந்தேன். எந்த வீதி என்று ஓர் இடத்திலும் இல்லை. அனுப்புநர் முகவரியில் கௌரவத்துக்காகப் பள்ளிக்கூட முகவரியைப் போட்டிருந்தேன். "அதனாலதான் பிட்டரை உங்க ஸ்கூலுக்கு அனுப்பி அங்க இருந்த குழாய்ங்களைச் சரிபண்ணிட்டோம்" என்றார். பள்ளிக்கூடத்துக் குழாய்கள் போன மாதம் திடீரென்று ஒழுகாமல் நின்றது எனக்கு நினைவுக்கு வந்தது. தலைமையாசிரியர் தன் செல்வாக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே தெருப்பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தமிழின் அருமை தெரியாதவர்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டில் நடந்ததைச் சொன்னதும் மனைவி கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்.

"அக்காகிட்டச் சொல்லி நம்ம தெருவுக்கும் ஒரு கார்டு போடச் சொல்லுங்களேன்."

அன்று சாப்பிடாமல் எழுந்தேன்.

மறுநாள் காலையில் குழாய்க்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நான்கு நாள் தொடர்ந்து போனேன். அந்தக் குழாயில் குறை கண்டுபிடிப்பது ஒன்றே என் வேலை. கண்ணில் பட்டதையெல்லாம் நோட்டில் குறித்தேன். அடிப்பகுதியில் ஒழுகுகிறது. காலை ஆறிலிருந்து ஏழரை வரை இரண்டு தெருக்காரர்களும் மோதுகிறார்கள். வழிகிற தண்ணீர் போக வழியில்லாமல் நடுத்தெருவில் தேங்குகிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சேற்றில் இறங்கித்தான் போகிறார்கள். புதன்கிழமை ஒரு கர்ப்பிணிப் பெண் வழுக்கி விழப் பார்த்தாள்.

இதையெல்லாம் தெருப்பெயரோடு ஒரே பக்கத்தில் எழுதினேன். அடைமொழி ஒன்று இல்லை. அவ்வளவு ஆத்திரத்தில் அலங்காரம் எங்கே வரும்? கடைசி வரி இது: 'ஆகவே பொதுமக்கள் நலன் கருதி இந்தக் குழாயை உடனே எடுத்துவிட வேண்டும்.' கையெழுத்துப் போடாமல் தபால் பெட்டியில் போட்டேன். அந்தக் குழாய் போனால் என் வீட்டுக் குடமும் காலி என்பது, கடிதம் உள்ளே விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை.

இரண்டு வாரம் நான் தூங்கியது கம்மி. பிறகு ஓவர்சியரும் ஆட்களும் பக்கத்துத் தெருவுக்கு வந்தார்கள். குழாயைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நடுங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அவர்கள் அதன் அடியில் சிமெண்ட் மேடை கட்டினார்கள். தண்ணீர் ஓடக் கால்வாய் வெட்டினார்கள். ஒரு குழாய் இருந்த இடத்தில் இரண்டு வாய் வைத்தார்கள். நான் ஒழித்துக்கட்ட நினைத்த குழாய் மாப்பிள்ளை மாதிரி மேடையில் ஏறி நின்றது. பயம் போன இடத்தில் பழைய எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரம் எங்கள் தெருவைத் தோண்டினார்கள். பைப் பதித்தார்கள். என் வீட்டிலிருந்து நாலாவது வீட்டு வாசலில் குழாய் வந்து நின்றது.

தெருவே அந்த அம்மாளைக் கொண்டாடியது. குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்து, முதல் குடம் பிடிக்க அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று என் மனைவியே போய் அழைத்து வந்தாள். வரும்போதே என்னைப் பார்த்து, "பாத்தீங்களா, அக்கா எழுதினா ஒரே மாசம்" என்றாள். நான்தான் எழுதினேன் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன எழுதினாய் என்று கேட்பார்கள். விழுங்கிக்கொண்டேன்.

அந்த அம்மாள் குடத்தை வாங்கவில்லை.

"நான் எதுவும் எழுதலம்மா. சார்தான் எழுதினாரு. நாலு நாள் டீக்கடையில குந்திக்கினு பாத்துப் பாத்து எழுதினாரு. பேரு போட்டுக்கல, அவ்ளோதான். முதக் குடம் நீதான் புடிக்கணும்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கண் கலங்கியிருந்தது. குடம் நிரம்புகிற சத்தத்துக்கு நடுவில் அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"ஆபீசுல என்னைக் கூப்ட்டு உங்க காயிதத்தக் காட்டினாங்க சார். எழுதினது அத்தனையும் நெசம், இங்க கும்பல் ஜாஸ்தியாவறதே அந்தத் தெருவுல குழா இல்லாததாலதான், அங்க ஒண்ணு போட்டுட்டா தீந்துதுன்னு சொல்லிட்டு வந்தேன். கடைசி வரிய மட்டும் நான் யாருகிட்டயும் சொல்லல."

கடைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் புதுத் தண்ணீரில் காபி போட்டுக் கொண்டுவந்து, "ஏங்க, ஏன் எங்கிட்டக்கூட சொல்லல?" என்று என் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள் மனைவி.

"செய்யறதை எல்லாம் சொல்லிக்கிட்டா திரிவாங்க?" என்றேன், கூசாமல்.

அவள் முகத்தில் பெருமை தாங்கவில்லை. இரண்டு வருஷமாக அந்த முகத்துக்காகத்தான் ஏங்கினேன். இப்போது அதைப் பிச்சையாகப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி அங்கே ஒருத்தி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் மேல் நான் அதுவரை பட்ட பொறாமையெல்லாம் அன்றைக்குப் பட்டதன் கால்தூசிக்கு ஆகாது.