நான் வெட்டச் சொன்ன பெயர்

என் கடையில் கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் கறுப்பு ரப்பர் பூட்ஸ் சோடி சோடியாகக் கூரை முட்ட அடுக்கியிருக்கும். அதில் ஒரு சோடியை ஒரு நாள் காலையில் எடுத்துக்கொண்டு போய், கடைவீதியில் சாக்கடைக் கான் அள்ளிக்கொண்டிருந்த என் அக்காவிடம் கொடுத்தேன். அவள் காலுக்கு இரண்டு அளவு பெரியது. அவளுடைய அளவு அன்றைக்குக் கையிருப்பில் இல்லை. அடுத்த வாரம் வந்தது, நான் மாற்றிக் கொடுக்கவில்லை. "பெருசா இருந்தா நல்லதுதான் தம்பி, பேப்பர வச்சி அடைச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே கானின் ஓரத்தில் குந்தி, காலில் ஒட்டியிருந்த சேற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டாள். நாலு அடி நடந்து காட்டினாள். தம்பி வாங்கிக் கொடுத்தது என்று ரோட்டில் போகிற எல்லோரும் பார்க்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

நான் சும்மா வந்த ஆள் இல்லை. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் சீமெந்து மூட்டை தூக்கினேன். பிறகு தள்ளுவண்டியில் பழைய இரும்பு சேர்த்தேன். அதிலிருந்து சொந்த ஹார்ட்வெயார் கடை; இன்றைக்கு அது மூன்று மாடி. எங்கள் ஊரில் கொங்கிரீட் போட்ட வீடுகளில் பாதிக்குக் கம்பி என் கடையிலிருந்துதான் போயிருக்கிறது. நான் சிங்களம் பேசுவதை முகம் பார்க்காமல் கேட்கிறவன் என்னைத் தமிழன் என்று சொல்லமாட்டான். எழுத்துத்தான் மெதுவாக வரும். இதை எழுதி முடிக்கவே இரண்டு மாதம் பிடித்தது. பிரதேச சபைத் தேர்தலில் நான் நின்றபோது, "தோட்டத்தான் வந்து சபையில குந்தப்போறானா?" என்று கேட்டவர்களே, வென்ற பிறகு மாலையோடு வந்து கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். அந்தச் சபையில் லயத்தில் பிறந்து உட்கார்ந்த முதல் ஆள் நான். இதை நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அம்மா செத்த பிறகு, பால் வெட்டப் போகும்போது என்னையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். ஒரு மரத்தடியில் சாக்கை விரித்து உட்காரவைத்துவிட்டு, வாளியும் கத்தியுமாக மரம் மரமாக ஓடுவாள். அவள் உழைத்துத்தான் நான் வளர்ந்தேன். பிறகு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். செக்ரோல் என்கிற தோட்டத்து ஆள் பதிவில் இருந்த அவள் பெயர் அதோடு போனது. கொழும்புக்கு வேலைக்குப் போன மச்சானும் திரும்பி வரவில்லை. ஒரு பெண் குழந்தையோடு நின்றவள், சபையில் வீதி கூட்டும் வேலைக்குப் போனாள். நான் மெம்பராகி வெள்ளைச் சட்டையோடு சபை வாசலில் இறங்கிய முதல் நாள், அந்த வாசலைக் கூட்டி வைத்திருந்தது அவள்தான். அப்போதே அவளுக்குச் சபையில் பதினோரு வருடம்.

அந்தப் பதினோரு வருடமும், அதற்குப் பிறகும் அவள் கெசுவல். அதாவது நிரந்தரம் இல்லாத ஆள். நிரந்தர ஆட்களுக்குச் சபையே பூட்ஸும் மழைக்கோட்டும் கையுறையும் கொடுக்கும்; காய்ச்சல், வருத்தம் என்றால் லீவு உண்டு. கெசுவலுக்கு எதுவும் இல்லை. ஒரு நாள் வராவிட்டாலும் விளக்குமாறு இன்னொருத்தி கைக்குப் போய்விடும். ஒரு நாள் என் கடைப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு வேற ஒன்னும் வேணாம் தம்பி. காச்சல் வந்தா ஒரு நா படுத்துக் கெடக்கணும். மறுநா எந்திரிச்சிப் போனா வேல இருக்கணும். அவ்ளோதான்." நான் சிரித்தேன். "காச்சலுக்கு ஆசப்படுற ஒரே ஆளு நீதான் அக்கா" என்றேன். அவளும் சிரித்தாள்.

சபையின் மாதக் கூட்டம் என்பது வெளியில் இருப்பவர்கள் நினைக்கிற மாதிரிப் பெரிய விஷயம் இல்லை. எரியாத தெரு விளக்கு, சந்தையில் மீன்கடைக்காரர் ரோட்டில் ஊற்றுகிற தண்ணீர், த்ரீவீலர் நிறுத்துகிற இடம், நூல்நிலையக் கூரையின் ஒழுக்கு, யாருடைய மதில் ரோட்டுக்குள் ஒரு அடி வந்திருக்கிறது என்ற தகராறு. ஒரு பாலத்தடி விளக்குக்காக நான் மூன்று மாதம் சண்டை பிடித்தேன். அது இன்றைக்கும் எரிகிறது, போய்ப் பார்க்கலாம். கூட்டத்துக்கு நடுவில் பிளேன் டீயும் வடையும் வரும். கூட்டுகிற பெண்களில் இரண்டு பேரை அன்றைக்கு மட்டும் கை கால் கழுவி வரச் சொல்லி, டீ கொடுக்க வைப்பார்கள். அக்காவும் வருவாள். சபைக்குள் அவள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை. "மெம்பர், டீ" என்று வைத்துவிட்டுப் போவாள். வெளியே வந்த பிறகுதான், "டேய், சீனி போதுமா இருந்திச்சா?" என்று கேட்பாள்.

அப்படி ஒரு கூட்டத்துக்குத்தான் அந்தப் பட்டியல் வந்தது. நீண்ட நாள் வேலை செய்த கெசுவல் தொழிலாளர்களை நிரந்தரமாக்கச் சொல்லி மேலே அனுப்ப வேண்டிய பெயர்கள். எங்கள் சபையின் எழுத்து வேலைகளுக்குப் பொறுப்பான பிரதம இலிகிதர், யாழ்ப்பாணத்துக்காரர், சேவைக்காலத்தைப் பார்த்து வரிசையாக எழுதியிருந்தார். அக்காவின் பெயர் மூன்றாவது. உப தவிசாளரின் மருமகன் ஒருவனும், இன்னொரு உறுப்பினரின் மச்சான் ஒருவனும் கடைசிக்குப் பக்கத்தில் எப்படியோ நுழைந்திருந்தார்கள்.

பட்டியலை வாசித்து முடித்ததும், எதிர்ப்பக்கத்து உறுப்பினர் ஒருவர் எழுந்தார். சந்தைக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருப்பவர். வாயில் எப்போதும் ஒரு நக்கல் இருக்கும். "லிஸ்ட் ரொம்ப நல்லா இருக்கு தவிசாளர்" என்று சிங்களத்தில் சொன்னார். "மெம்பர்மார் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்புக் குடுக்கிற லிஸ்ட் மாதிரியே இருக்கு." சபை சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. சபைக்குத் தலைமை தாங்கிய தவிசாளர் என் பக்கம் திரும்பி, "முதலாளி, நீங்க பேசாம இருங்க. உங்கள யாரும் சொல்லல" என்றார். பேசாமல் இருந்திருந்தால் போதும். வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் எழுந்து நின்று வென்றவன் நான். அன்றைக்கு உட்கார்ந்திருந்தால் போதும் என்பது எனக்குத் தெரியாமல் போனது. எழுந்தேன். "நான் தள்ளுவண்டி தள்ளி வந்தவன். யார் சொத்துக்கும் ஆசைப்படாதவன். என் வீட்டு ஆளுக்கு வேலை வாங்க நான் இங்க வரல. முதல்ல என் அக்கா பேர வெட்டுங்க!" என்று நல்ல சிங்களத்தில், மேசையில் கை வைத்துச் சொன்னேன்.

சபை முழுவதும் மேசையைத் தட்டியது. பேக்கரிக்காரரே எழுந்து வந்து கை கொடுத்தார். உப தவிசாளரும் மற்ற உறுப்பினரும் நிகழ்ச்சி நிரலை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஆட்கள் இரண்டு பேரும் இன்றைக்கு நிரந்தரம். அதில் ஒருவன் சபை கொடுத்த மழைக்கோட்டோடு என் கடை முன்னால்தான் தினமும் போகிறான்.

அக்கா டீத் தட்டோடு கதவருகில் நின்றிருந்தாள். அவளுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஒவ்வொரு மேசையாக வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கோப்பையை வைத்தாள். "மெம்பர், டீ" என்றாள். அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்த பிறகு பிரதம இலிகிதர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மெம்பர், நான் இன்னும் அறிக்கையில எழுதேல்லை. கோவத்தில கதைச்சதெண்டு விட்டிடலாம், ஒருத்தரும் கேக்கப்போறேல்லை. அந்த மனுசிக்கு வயசு போகுது. அடுத்த முறை வயசெல்லை தாண்டிடும். ஒருக்கா யோசியுங்கோ" என்றார். சபையில் தட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருந்தது. "நான் சொன்னா சொன்னதுதான் ஐயா. எழுதுங்க" என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு "அப்ப சரி" என்று அடிமட்டத்தை எடுத்து வைத்து, அந்தப் பெயரின் நடுவால் நேராக ஒரு கோடு இழுத்தார்.

அந்தப் பெயரை அங்கே எழுத வைத்தது நான் இல்லை. பதினோரு வருடத்துக்கு மேல் அவள் கூட்டிய ரோடு எழுத வைத்தது. என்னுடையதே அல்லாத ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதற்கு நான் கைதட்டு வாங்கினேன். இது எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது. கடை நடத்துகிறவனுக்கு, எது தன் சரக்கு, எது அடுத்தவன் சரக்கு என்று முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு எங்கள் ஊரில் இரண்டு கதை நடந்தது. கடைவீதியில் என் கதை: கம்பி வாங்க வந்தவர்கள், பெயிண்ட் வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் நானே சொன்னேன், சொந்த அக்கா பெயரை வெட்டிய மெம்பர் என்று. லயத்தில் அக்காவின் கதை வேறு. ஒரு சாவு வீட்டில் எங்கள் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் எவ்ளோ சண்ட புடிச்சியாம்பா, அந்தப் பாவிங்கதான் அவ பேர வெட்டிட்டானுகளாமே" என்று அழுதாள். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன்.

கொஞ்ச நாளில் அக்காவின் மகள் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஏம்மா பொய் சொல்றன்னு கேட்டேன் மாமா. 'ஒங்க மாமன லயத்துல யாரும் ஏசக்கூடாதுடி. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவன் இங்க வந்து நிக்கணும்ல'ங்குது. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள். போய்விட்டாள். அக்கா மட்டும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கம் போலக் கடை வாசலையும் சேர்த்துக் கூட்டிவிட்டுத்தான் போனாள்.

எங்கள் சபையின் காலம் முடிந்தது. தேர்தல் நடக்காமல், மெம்பர் யாரும் இல்லாமல், அலுவலகம் மட்டும் நடந்த காலம் அது. புதுப் பட்டியல் எதுவும் வரவில்லை. மழை மட்டும் வந்தது. கான்கள் எல்லாம் அடைத்துக்கொண்டன. எலி செத்து மிதக்கிற தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி அள்ளினார்கள். அக்காவின் வலது பூட்ஸ் குதிகாலில் பிளந்து, அதைச் சைக்கிள் டியூப்பால் சுற்றிக் கட்டியிருந்தாள். நான் கண்ணால் பார்த்தேன். நாளைக்குப் புதுசு ஒன்று கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு கிழமை முழுக்க அப்படியே நினைத்தேன்.

எலிக்காய்ச்சல். மூன்று நாள் பனடோல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். நாலாம் நாள் சந்தையில் விழுந்தாள். கேகாலை ஆஸ்பத்திரியில் டொக்டர், முதல் நாளே வந்திருந்தால் குணமாக்கியிருக்கலாம் என்றார். "ஏன் அக்கா போன? வீட்டுல கெடந்திருக்கலாம்ல?" என்று நான் கத்தினேன். கேட்கிற தகுதி இருக்கிறவன் மாதிரிக் கத்தினேன். அவள் கண் மஞ்சளாகிப் போயிருந்தது. "கத்தாதடா. நாளைக்கு எனக்குப் பதிலா பாப்பாவ அனுப்பு. எடம் போயிரும்" என்றாள். என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மறுநாள் மகள் போனாள். அக்காவின் உயிர் போன நேரத்தில், அவள் மகள் சந்தையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது புதுச் சபை வந்திருக்கிறது. தவிசாளர் இளம் ஆள், நல்லவர். போன மாதம் கெசுவல் ஆட்களுக்கு நிரந்தர நியமனக் கடிதம் கொடுக்கிற விழாவுக்கு என்னைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் மேடை என்றால் என் கால் தானாகப் போகிறது. அந்தக் குணம் இந்த வயதிலும் விடவில்லை. தவிசாளர் மைக்கைப் பிடித்து, என்னைக் காட்டி, அந்தக் கதையைச் சொன்னார். சொந்த அக்காவின் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டச் சொன்ன நேர்மையான மனிதர், இன்றைய மெம்பர்மார் படிக்க வேண்டிய பாடம் என்றார். மண்டபம் கைதட்டியது. நான் எழுந்து நின்று கும்பிட்டேன். அன்றிலிருந்து அம்மாவின் இடத்தில் கெசுவலாகக் கூட்டி வந்த அக்காவின் மகள், புதுச் சேலையோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கைதட்டவில்லை, மடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். வந்தார்கள், கடிதத்தை வாங்கினார்கள், கமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினார்கள். அவள் முறை வந்தது. இரண்டு கையாலும் வாங்கினாள். இறங்கிப் போகவில்லை. மேடையிலேயே நின்று உறையைப் பிரித்து, கடிதத்தை விரித்து, மேலேயிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துத் தேடிக்கொண்டு வந்தாள். "தங்கச்சி, வீட்டுக்குப் போய் ஆறுதலா வாசிக்கலாம்" என்று தவிசாளர் சிங்களத்தில் பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. விரல் ஒரு இடத்தில் நின்றது. திரும்பவும் அந்த வரியின் தொடக்கத்துக்குப் போய், எழுத்து எழுத்தாக வந்தது.

"பேரு இருக்கா?" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"இருக்கு மாமா" என்றாள். "யாரும் வெட்டல."