கேமராவுக்கு ஒரு கூண்டு

ஹுல்டா டோர்கல்சனுக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது அல்ல. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்த பிறகு ஒட்டிக்கொண்டது. நெப்ராஸ்காவில் பண்ணையை விற்றுவிட்டுக் கணவனோடு வந்திறங்கியவளின் தலையில், ஆரஞ்சுத் தோப்பு என்று சொல்லி வறண்ட ஆற்றுப்படுகை ஒன்றைக் கட்டினான் ஒரு தரகன். கணவன் அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான். அதன்பின் பால்காரன் சிரித்தால்கூட அவள் பாலை முகர்ந்து பார்ப்பாள்.

பிழைப்புக்குச் சினிமாவில் கூட்டத்தோடு நிற்கும் துணைநடிகையானாள். ஒட்டிய கன்னமும் வானத்தைப் பார்க்கும் கண்ணும் வாய்த்ததால், ரோமாபுரிப் படம் எதுவானாலும் அவள் விசுவாசத்துக்காகச் சாகும் கிறிஸ்தவள்தான். சிலுவையில் செத்திருக்கிறாள், தீயில் வெந்திருக்கிறாள், மேஜர் என்ற கிழட்டுச் சிங்கத்தின் முன் மண்டியிட்டுப் பலமுறை உயிரை விட்டிருக்கிறாள். மேஜருக்குப் பல் கிடையாது. அதை வளர்க்கும் ஆர்லோ தினமும் வாய்க்குள் கையை விட்டு ஈறைத் தேய்த்துவிடுவான்.

அடுத்த வேலை உதவி இயக்குநர் ஃபெல்ப்ஸின் தயவில் இருந்தது. அவன் முகம் சுளித்தால், தங்கும் விடுதி நடையில் இருக்கும் தொலைபேசி அப்புறம் வேலைக்குக் கூப்பிட்டு அடிக்காது.

ஒருநாள் சிங்கக் காட்சி எடுக்க இருந்தார்கள். உறுத்தல் முதலில் சாப்பாட்டில்தான் வந்தது. வழக்கமாக எல்லோருக்கும் அட்டைப்பெட்டியில் காய்ந்த ரொட்டியும் அவித்த முட்டையும்தான். அதையும் ரோமானியர்கள் தனியாக உட்கார்ந்து தின்பார்கள். கவசம் போட்டவன் கந்தல் போட்டவனோடு உட்கார மாட்டான். அன்றோ கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சூடாகக் கோழி வறுவல்.

“எதுக்குடி இந்த உபசாரம்?” என்றாள், எப்போதும் தன்னோடு சேர்ந்து சாகும் பெர்னிஸிடம்.

“போட்டதைத் தின்னுக்கா. நல்லது நடந்தாலும் உனக்கு ஆகாது.”

“வான்கோழிக்கும் பண்டிகைக்கு முன்னாடிதான்டி தீனியைக் கூட்டுவாங்க.”

சாப்பிட்டு முடித்ததும் ஃபெல்ப்ஸ் வந்தான். “வயசானவங்க எல்லாம் முன்வரிசைக்கு வாங்க. ஹுல்டாம்மா, நீங்க நடுவுல.”

முன்வரிசைக்காகக் குடுமிப்பிடிச் சண்டை நடக்கும் தொழில் அது. அழகான சிறுசுகளை விட்டுவிட்டு இந்த எலும்புக் கூட்டத்தை யார் கூப்பிடுவார்கள்? ஹுல்டா சுற்றிலும் பார்த்தாள். தச்சர்கள் கேமராவைச் சுற்றி இரும்புக் கம்பி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மேஜருக்குப் பயந்தா கூண்டு?”

“கேமராவுக்குத்தாம்மா. விலை உசந்த சாமான்.”

“அப்ப நாங்க?”

ஃபெல்ப்ஸ் கையிலிருந்த ஒலிக்குழாயைத் துடைக்க ஆரம்பித்தான்.

அவள் நேராக ஆர்லோவிடம் போனாள். அவனுக்குப் பின்னால் இருட்டறைக்குள் ஏதோ உறுமியது.

“உள்ள மேஜர்தானா?”

“வேற யாருக்கா?”

“அப்ப ஈறைத் தேய்ச்சு விடு. பார்த்துட்டுப் போறேன்.”

“காலையிலேயே தேய்ச்சாச்சு.”

“இன்னொரு தடவை தேய்ச்சா கை என்ன தேஞ்சா போயிடும்?”

ஆர்லோ கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

இந்த வேலையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. விடாவிட்டால் ஒருவேளை பிழைக்கவே முடியாது. ஹுல்டா, ரோமானியர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் அரங்கின் படிகளில் ஏறி, செனட்டர் வேடக்காரன் ஒருவன் பக்கத்தில் போய் நின்றாள்.

“இது எங்க இடம்மா.”

“தள்ளி உக்காருப்பா. ஞாயித்துக்கிழமை நீயும் சர்ச்சுக்குப் போறவன்தானே.”

அவன் தள்ளி உட்கார்ந்தான். பெர்னிஸ் முணுமுணுத்துக்கொண்டே ஏறி வந்தாள். பிறகு ஒவ்வொருவராக எல்லாக் கிறிஸ்தவர்களும் ரோமானியர்களோடு கலந்துவிட்டார்கள்.

ஃபெல்ப்ஸ் முகம் சிவக்க வந்தான். “இறங்கலேன்னா இனிமே உங்களுக்கு வேலையே கிடையாதும்மா.”

“அது வாய்க்குள்ள ஆர்லோ கையை விடட்டும். நான் தலையையே விடுறேன்.”

எல்லோரும் ஆர்லோவைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். “மேஜர் போன வாரமே செத்துப்போச்சு. இது சர்க்கஸ்லேர்ந்து வந்தது. பட்டினி போடச் சொன்னாங்க, போட்டிருக்கேன்.”

அன்றே எல்லோருடைய உடுப்பையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வைக்கோல் பொம்மைகளுக்கு அவற்றை மாட்டி, உள்ளே இறைச்சியை வைத்து, தூரத்திலிருந்து படம் பிடித்தார்களாம். ஹுல்டாவுக்கு அப்புறம் தொலைபேசி அடிக்கவில்லை. சலவைக் கடையில் சட்டைக்கு இஸ்திரி போடப் போனாள். கோபம் மட்டும் அடங்கவேயில்லை.

படம் வெளியானதும் போய்ப் பார்த்தாள். முன்வரிசையின் நடுவில், அவள் தைத்த பெரிய ஒட்டுத்துணியோடு, அன்று அவள் போர்த்தியிருந்த சால்வை. சிங்கம் முதலில் அதன் மேல்தான் பாய்ந்தது. தோளிலிருந்து கிழித்தது.

பக்கத்து இருக்கைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஒருத்தர்கூட ஓடல பாருங்க. நமக்கு அப்படி ஒரு விசுவாசம் வருமா?”

ஹுல்டா தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். “கேமராவுக்குக் கூண்டு போட்டிருந்தாங்களான்னு முதல்ல பாக்கணும்மா,” என்றாள்.