பெரியப்பா இரவல் வாங்கிய புடவை

பெரியப்பா, சித்தியின் பெயரைக் கெடுத்தது நீங்கள்தான். ஊர்மேல் பழி போடாதீர்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. சாந்தோமில் எங்கள் மாதா கோயில் பங்குத் திருவிழா நாடகத்தை வருடாவருடம் நீங்கள்தான் எழுதுவீர்கள். பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள். பங்கு மக்கள் தங்கள் வீட்டுப் பெண்களை மேடைக்கு அனுப்ப மாட்டார்கள். புடவையை மட்டும் தாராளமாக அனுப்புவார்கள். கதை எப்படியோ போகட்டும், எங்கள் வீட்டுப் புடவை எப்போது வரும் என்றுதான் காத்திருப்போம்.

அந்த வருடம் நீங்களே சித்தியிடம் வந்து கேட்டீர்கள். நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன்.

“அந்த மயில்கழுத்துப் பொடவையைக் குடும்மா. கதாநாயகிக்குக் கட்டணும். லைட்டுல ஜம்முனு இருக்கும்.”

சித்தி அதைக் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் கட்டுவாள். பங்கில் அது தெரியாதவர் கிடையாது.

“மேக்கப் கறை படாம பாத்துக்குங்க மாமா,” என்று இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். “ஒரு பொட்டு படாது” என்றீர்கள்.

நாடகத்தில் கணவனுக்குத் துறைமுகத்தில் வேலை, சித்தப்பாவைப் போல. மனைவி டீச்சர், சித்தியைப் போல. அவள் துரோகம் செய்கிறாள். அவன் அவள் தலையை மழித்து வீதியில் தள்ளுகிறான். கடைசியில் கோயில் வாசலில் பிச்சை எடுப்பவள் முகத்தில் பெற்ற மகனே துப்புகிறான். மனைவி வேடம் கட்டிய ஆட்டோக்கார அண்ணன் மயில்கழுத்துப் புடவையில் வந்ததும், “சித்தி, நம்ம பொடவை” என்று நான் கைதட்டினேன்.

பின்வரிசையில் ஒருவன், “இன்னா நைனா, டீச்சரம்மா பொடவை மாதிரி கீது. கதையும் அவங்க கதைதானா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

சித்தி எழுந்து போகவில்லை. என் தலைமேல் வைத்திருந்த அவள் கை மட்டும் கனத்தது.

அடுத்த ஞாயிறு பூசையில் எங்கள் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. இடம் கிடைத்ததே என்று நான் காலை நீட்டிக்கொண்டேன். புடவை திரும்பி வந்தது. ஒரு கறை இல்லை. அந்த வாக்கைக் காப்பாற்றினீர்கள்.

“ஊரே காறித் துப்புது. எப்படி அண்ணி இவகூட வாழறது?” என்று சித்தப்பா என் அம்மாவிடம் அழுதார். சித்தி ஒற்றைப் பெட்டியோடு தரமணிக்குப் போனாள், ஒரு பெண்கள் விடுதிக்கு வார்டனாக. இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.

எனக்குச் சித்தப்பாவைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது. சித்தி இருந்தபோதிருந்தே சனிக்கிழமைகளில் பாண்டி பஜாரில் ஐஸ்கிரீம் வாங்கித் தந்து, கே.கே. நகரில் ஒரு ஆன்ட்டி வீட்டுக்குக் கூட்டிப்போவார். எனக்கு ஹாலில் கார்ட்டூன் ஓடும். உள்ளறைக் கதவு சாத்தியிருக்கும்.

நாடகத்துக்கு முந்தின மாதம் ஒரு சனிக்கிழமை நீங்களும் அங்கே வந்தீர்கள். “டேய், உன் பொண்டாட்டிக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. ஃபாதர்கிட்ட சொல்லப் போறாளாம்” என்றீர்கள். சித்தப்பா வெளிறிப்போனார். “விடு, அவ சொன்னா யாரும் நம்பாத மாதிரி நான் பண்றேன்” என்று அவருக்குத் தைரியம் சொன்னீர்கள். பிறகு ஆன்ட்டி கொடுத்த காபியைக் குடித்து, நன்றாக இருக்கிறது என்றீர்கள். எட்டு வயதில் எனக்குப் புரிந்தது அந்தக் காபி விஷயம் மட்டும்தான்.

வரும் திருவிழாவில் அதே நாடகத்தை மறுபடி போட்டு, உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். சித்தி வருகிறாள். அதே புடவையில், முன்வரிசையில் உட்காருவாள். மைக்கை வாங்குங்கள். பங்கு முழுக்கக் கேட்கும்படி சொல்லுங்கள்: கே.கே. நகரில் யார் வீட்டில் காபி குடித்தீர்கள்?