முறிந்து முறிந்து போன விரதம்

எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் கண்டித் தபாற்கந்தோர் அலுமாரிக்குப் பின்னால் பதுங்கி உயிர் தப்பியவர் இராஜரத்தினம். உயிர் தப்பியது, வயிறு தப்பவில்லை. அன்று பிடித்த நெஞ்செரிவு விடாமல் கூடவே வந்தது. பிறகு ஒமெப்பிரசோல் குளிசை கிடைத்தது. காலையில் ஒன்று விழுங்கினால் போதும், மனுசன் பாணும் சம்பலும் தைரியமாகச் சாப்பிடுவார்.

தொண்ணூற்றாறில் கொழும்பில் நடந்த இராணுவச் சுற்றிவளைப்பில் மகன் நேசனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இவர் ஏறி இறங்காத இடமில்லை. எந்த அதிகாரக் கதிரையில் இருந்தவனும் உண்மை சொல்லவில்லை. கடைசியில், மகன் திரும்பி வரவேண்டுமென்று, கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் பிடிப்பதாக முருகனுக்கு நேர்ந்தார். பிடிவாதக்காரர் அல்லவா, குளிசையும் வாய்க்குள் போகக்கூடாதென்று அதையும் நிறுத்தினார்.

மூன்றாம் நாளே நெஞ்சு பற்றி எரிந்தது. அவர் சுருண்டு துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மனைவி லீலாதேவி பாலும் குளிசையும் கொடுத்தாள். விரதம் முறிந்தது. அடுத்த வருடமும் அதே கதை. மகன் வராததற்குத் தன் வயிறுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார், பாவம்.

லீலாதேவிதான் அவரைக் கண்டிக்குப் பக்கத்து அக்குறணைக்கு, டொக்டர் றிஸ்வியிடம் இழுத்துப் போனாள்.

“இதுல சாமிக்குத்தம் ஒண்ணும் இல்ல ஐயா. குளிசை அமிலத்த அடைச்சா வயிறு சும்மா இருக்காது. அமிலத்தக் கூட்டச் சொல்லி கேஸ்ட்ரின் எண்ட ஹோர்மோன அனுப்பிக்கிட்டே இருக்கும். குளிசைய ஒரேயடியா நிப்பாட்டினா, அமிலம் முந்தியவிடக் கூடப் பொங்கும்.”

“சாப்பாடு கல்லு மாதிரிக் கிடக்குது, டொக்டர்.”

“அமிலம் இருந்தாத்தான் புரதத்த உடைக்கிற பெப்சின் வேல செய்யும். அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். குளிசைய மெல்ல மெல்லக் குறைப்போம். பொறகு விரதம் புடிங்க.”

“அப்ப முருகன் என்னைக் கைவிடேல்லையோ?” இராஜரத்தினம் குழந்தைபோல அழுதார். மகன் போனபின் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது அன்றுதான்.

குளிசை படிப்படியாகக் குறைந்து நின்றது. தொண்ணூற்றொன்பது கந்தசஷ்டி ஆறு நாளும் நெஞ்சில் நெருப்பில்லாமல் கடந்தன. சூரன்போர் பார்த்தார். மறுநாள் விரதம் முடிக்கும் பாறணைக்கு லீலாதேவி மூன்று இலை போட்டாள். அவர் வாசலைப் பார்த்தபடி இருந்தார். சோறு ஆறியது. மத்தியானம் கழிந்தது. ஒருவரும் வரவில்லை.

“சாப்பிடுங்கோவன்,” என்றாள்.

நெஞ்சு கொஞ்சமும் எரியவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“இவ்வளவு நாளும் என்ர வயித்தில பழியைப் போட்டன், லீலா. இனி ஆரில போடுறது?”